சைட் ரேட்டு ஏறினா ஊர் வளர்ந்துச்சுன்னு அர்த்தமா? தர்மபுரியை வச்சு ஒரு எளிய விளக்கம்

போன ஐப்பசியில ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில பக்கத்துல உக்காந்த அண்ணன் ஒருத்தர் பென்னாகரம் ரோட்டுப் பக்கம் வாங்கிப் போட்ட சைட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சு, பாயசம் வர்ற வரைக்கும் அதே பேச்சுதான். "தர்மபுரிதான் தம்பி அடுத்த ஓசூர், இப்பவே ஒண்ணு வாங்கிப் போட்டுடு"ன்னாரு. எதை வச்சுண்ணா சொல்றீங்கன்னு கேட்டேன். "சென்ட் ரேட்டு எங்க போயி நிக்குது பாரு, ஊர் வளராமயா இப்படி ஏறும்?"னு திருப்பிக் கேட்டாரு.

நல்ல மனுஷன், எனக்கு நல்லது நினைச்சுதான் சொன்னாரு. ஆனா இந்தப் பேச்சு இப்ப டீக்கடையில, பஸ்ல, சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல எல்லா இடத்துலயும் ஓடுது, அதுல மூணு வேற வேற விஷயத்தை ஒண்ணாப் போட்டு கலக்கிடறோம். நிலத்தோட விலை ஏறுறது ஒண்ணு, கட்டடம் எழும்புறது இன்னொண்ணு, ஊர் வளர்றது மூணாவது. மூணும் சேர்ந்தும் நடக்கலாம், தனித்தனியாவும் நடக்கலாம். இது புரியாததால கடன் வாங்கி கஷ்டப்பட்ட குடும்பங்களை எனக்கு நேராவே தெரியும், அதனாலதான் பொறுமையா உக்காந்து எழுதுறேன். பொருளாதாரம் படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல, ஏரி பாத்திருந்தா போதும்.

ஏரிக்குத் தண்ணி எங்கிருந்து வருது

நம்ம ராமக்காள் ஏரியையே எடுத்துக்கோங்க. ஏரி நிறையணும்னா வரத்துக் கால்வாய்ல தண்ணி வந்து சேரணும். ஏரிக்குள்ள இருக்கற தண்ணியை ஒரு மூலையில மொண்டு இன்னொரு மூலையில ஊத்திக்கிட்டே இருந்தா மட்டம் ஒரு விரக்கடை கூட ஏறாது.

ஊரும் அப்படித்தான். சலூன்காரர் மளிகைக்கடையில சாமான் வாங்குறாரு, மளிகைக்கடைக்காரர் ஓட்டல்ல சாப்பிடறாரு, ஓட்டல்காரர் சலூனுக்குப் போறாரு. மூணு பேரும் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் உழைக்கறாங்க, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா அந்தப் பணம் ஊருக்குள்ளயே சுத்துற பணம். ஊரு பெருசாகணும்னா வெளியில இருந்து பணம் உள்ள வரணும். அப்படி வெளிப்பணத்தை உள்ள இழுத்துட்டு வர்ற வேலைக்கு பொருளாதாரம் படிச்சவங்க வச்சிருக்கற பேரு அடிப்படைத் தொழில். ஓசூர்ல ஒரு ஃபேக்டரி வண்டி செஞ்சு டெல்லிக்கு விக்குது, டெல்லிக்காரர் குடுத்த காசு ஓசூர்ல சம்பளமா எறங்குது. இதுதான் வரத்துக் கால்வாய்.

சரி, தர்மபுரிக்கு என்ன கால்வாய் இருக்கு? பெரிய ஃபேக்டரி இல்லைங்கறதால ஒண்ணுமே இல்லன்னு நினைச்சுடக் கூடாது. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்கு வெளியூர் வியாபாரி வந்து லோடு ஏத்துறாருன்னா அது வெளிப்பணம். மாங்காய், பூ, குச்சிக்கிழங்கு எல்லாமே அப்படித்தான். கலெக்டர் ஆபீஸ், 2008-ல வந்த அரசு மருத்துவக் கல்லூரி, செட்டிக்கரை அரசு என்ஜினியரிங் காலேஜ், இங்கெல்லாம் வேலை பாக்கறவங்க சம்பளம் சென்னையில இருந்து கஜானா வழியா வருது, அதுவும் வெளிப்பணம்தான். இதெல்லாத்தையும் விட நம்ம ஜனங்களுக்கு நெஞ்சுக்கு நெருக்கமான கால்வாய் ஒண்ணு இருக்கு. பெங்களூர்ல கட்டட வேலைக்கும் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கும் போன பசங்க வீட்டுக்கு அனுப்புற பணம். ஞாயித்துக்கிழமை ராத்திரி நம்ம பஸ் ஸ்டாண்டுல பெங்களூர் பஸ்ஸுக்கு நிக்கற கூட்டத்தைப் பாத்தா அந்தக் கால்வாயோட அகலம் கண்ணுக்கே தெரியும்.

இதுவரைக்கும் பாத்தது இவ்ளோதான்: ஊருக்குள்ள சுத்துற பணம் ஊரை ஓட்டும், வெளியில இருந்து வர்ற பணம்தான் ஊரைப் பெருசாக்கும். ஒரு ஊர் வளருதான்னு கேட்டா முதல்ல தேட வேண்டியது புதுசா என்ன கால்வாய் வெட்டியிருக்காங்கங்கறது.

வந்த நூறு ரூபா எத்தனை கை மாறுது

தண்ணி வந்தா மட்டும் போதுமா, ஏரி கரையில ஓட்டை இருந்தா?

ஒரு கணக்கு போடலாம், இது வெறும் உதாரணத்துக்குத்தான். ஒரு டீச்சரம்மா கையில 100 ரூபா சம்பளம் வருது. அதுல 60 ரூபாயை நம்ம ஊர்லயே செலவு பண்றாங்க, 40 ரூபா வெளியில போயிடுது. அந்த 60 வாங்குன கடைக்காரர் அவரும் அதே மாதிரி நூத்துக்கு அறுபது உள்ளூர்ல செலவு பண்ணா 36. அடுத்தவரு 21 ரூபா 60 பைசா. இப்படியே கூட்டிக்கிட்டே போனா அந்த முதல் நூறு ரூபா மொத்தமா 250 ரூபா அளவுக்கு ஊருக்குள்ள வேலை பாத்திருக்கும். இதுக்குப் பேரு பெருக்கல் விளைவு. இப்ப அதே டீச்சரம்மா, அதே கடைக்காரர், எல்லாரும் நூத்துக்கு முப்பதுதான் உள்ளூர்ல செலவு பண்றாங்கன்னு வச்சுக்கோங்க, மொத்தம் 143 ரூபா கிட்டதான் வரும். வந்த பணம் ரெண்டு தடவையும் அதே நூறுதான், ஓட்டையோட அளவுதான் வேற. வெளியில ஓடிப் போற இந்தப் பங்கை கசிவுன்னு சொல்லுவாங்க.

தர்மபுரிக்கு கசிவு ஜாஸ்தி. சேலம் ஒண்ணரை மணி நேரத்துல இருக்கு, கல்யாணப் பட்டுன்னா சேலம், பெரிய ஆஸ்பத்திரின்னா சேலம் இல்ல பெங்களூர், பையனுக்கு காலேஜுன்னா கோயம்புத்தூர். மிச்சம் இருக்கறது போன்ல ஆர்டர் போட்டா வீட்டு வாசலுக்கு வந்துடுது. நான் யாரையும் குத்தம் சொல்லல, நானும் அப்படித்தான் வாங்கறேன், நல்லது கிடைக்கற இடத்துக்கு மனுஷன் போகத்தான் செய்வான்.

இங்கதான் ரோட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். "நாலு வழிச்சாலை வந்துச்சுன்னா ஊர் தூக்கிடும்"னு எல்லாரும் சொல்றாங்க. நமக்கு ஏற்கெனவே என்எச் 44 இருக்கு, இப்ப அதியமான்கோட்டையில இருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியா ஓசூருக்குப் போற என்எச் 844 வேற. ரோடு ரெண்டு பக்கமும் திறந்திருக்கற கதவு. அதுல ஃபேக்டரிக்காரன் உள்ள வரலாம், நம்ம வாடிக்கையாளர் வெளியயும் போகலாம். உள்ளூர்ல விக்கவும் செய்யவும் பொருளும் இடமும் இருந்தா ரோடு கால்வாய், இல்லன்னா ரோடே ஓட்டை. பைபாஸ் வந்த பிறகு ஊருக்குள்ள டீ குடிக்க நிக்கற லாரி எத்தனைன்னு பழைய சேலம் ரோட்டு கடைக்காரங்களைக் கேட்டுப் பாருங்க.

68 ஆயிரம் பேருக்கு இத்தனை நகைக்கடை எதுக்கு

2011 சென்சஸ் கணக்குல தர்மபுரி நகராட்சியில 68 ஆயிரம் சொச்சம் பேரு. இத்தனை பேருக்கு இத்தனை ஜவுளிக்கடை, நகைக்கடை, செல்போன் கடை எப்படி ஓடும்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்.

சந்தையை நினைச்சா பதில் கிடைக்கும். சோப்பு, தீப்பெட்டி ஊர் பொட்டிக்கடையிலயே கிடைக்கும், ஏன்னா அதை தினமும் யாராவது வாங்குவாங்க, நூறு வீடு இருந்தாலே கடை ஓடிடும். மாடு, ஆடு, விதைன்னா பத்து ஊர் சேர்ந்து வாரத்துக்கு ஒரு நாள் கூடுற சந்தையிலதான். ஒரே ஊருக்குன்னு தினமும் மாட்டுச் சந்தை நடத்த முடியாது. தங்கம், கல்யாணத் துணி, ஸ்கேன் சென்டர் இதெல்லாம் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவைதான், அதனால அந்தக் கடை பொழைக்கணும்னா பல்லாயிரம் குடும்பம் வேணும். அந்தக் குடும்பங்கள் எவ்ளோ தூரத்துல இருந்து வருதோ அந்தப் பரப்புதான் கடையோட வாடிக்கை எல்லை.

தர்மபுரி கடைகளோட வாடிக்கை எல்லை நகராட்சி எல்லை கிடையாது. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளின்னு சுத்தியிருக்கற அத்தனை ஊரும் அதுக்குள்ள வருது, அரூர்ல பாதி வரும், பாதி வேற பக்கம் போகும். மாவட்டத்துல மொத்தம் 15 லட்சம் பேரு, அதுல டவுன்ல இருக்கறவங்க நூத்துக்கு 17 பேர் சொச்சம்தான் (தமிழ்நாடு மொத்தத்துக்கும் பாத்தா கிட்டத்தட்ட பாதி ஜனம் டவுன்லதான்). அதனால நம்ம டவுன் கடைத்தெருவோட நல்லது கெட்டது கிராமத்து மழையிலயும் தக்காளி விலையிலயும்தான் இருக்கு. தக்காளி கிலோ அஞ்சு ரூபாய்க்கு விழுந்த மாசம் டவுன்ல துணிக்கடையும் காத்து வாங்கும்.

வாடிக்கை எல்லை கடை வராமலேயும் விரியும். 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாதுன்னு ஆச்சு இல்ல, அதுக்கு முன்னாடி பஸ் காசுக்கு யோசிச்சு மாசத்துக்கு ஒருக்கா டவுனுக்கு வந்த எங்க அத்தை இப்ப நினைச்சா வர்றாங்க, வந்தா சும்மா போறதில்ல, ஒரு பூவாவது வாங்கிட்டுதான் போறாங்க. ஒரு கடைக்காரர் கண்ணுல இது வாடிக்கை எல்லை பெருசானதுக்கு சமம். புது காம்ப்ளெக்ஸ் கட்டுறதை மட்டும் வளர்ச்சின்னு பாத்தா இதெல்லாம் கண்ணுல படாது.

ஆக, கடைத்தெரு வளர்றது ஊர்க்காரங்க எண்ணிக்கையை மட்டும் வச்சு இல்ல, எத்தனை பேரால ஒரு பகல்ல வந்துட்டு வீட்டுக்குத் திரும்ப முடியும்ங்கறதை வச்சு. அதே கணக்குல, இருக்கற வாடிக்கையாளருக்கு மேல கடை கட்டிட்டா ஷட்டர் மேல "வாடகைக்கு விடப்படும்" போர்டுதான் தொங்கும். முதல் மாடி, ரெண்டாம் மாடி கடைகளை கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க.

கணக்குல வளராத ஊரு

2001-ல தர்மபுரி நகராட்சி ஜனத்தொகை 64 ஆயிரம் சொச்சம், 2011-ல 68 ஆயிரம் சொச்சம். பத்து வருஷத்துல நாலாயிரம் பேர்தானா கூடினாங்க? அதே பத்து வருஷத்துல ஓசூர் 84 ஆயிரத்துல இருந்து 1 லட்சத்து 16 ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. இதைப் பாத்துட்டு "தர்மபுரி வளரவே இல்ல"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதுவும் தப்பு.

நகராட்சி எல்லைங்கறது எப்பவோ காகிதத்துல போட்ட கோடு. எல்லைக்குள்ள இடம் நிறைஞ்சு போச்சு, விலையும் ஜாஸ்தி, அதனால புதுசா வீடு கட்டுறவங்க கோட்டைத் தாண்டி ஊராட்சிப் பக்கம் போயிடறாங்க. இலக்கியம்பட்டியைப் பாத்தா அது கிராமம்னு யாராவது சொல்லுவாங்களா? இந்த மாதிரி இடங்களுக்கு சென்சஸ்காரங்க சென்சஸ் டவுன்னு பேரு வச்சிருக்காங்க: குறைஞ்சது 5,000 பேர் இருக்கணும், வேலை பாக்கற ஆம்பளைங்கள்ல நூத்துக்கு 75 பேராவது விவசாயம் இல்லாத வேலையில இருக்கணும், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்கணும். இது மூணும் இருந்தா, நிர்வாகம் ஊராட்சியே ஆனாலும் வாழ்க்கை டவுன் வாழ்க்கை.

இதுல கஷ்டம் எங்க வருதுன்னா, வாழ்க்கை டவுன், வருமானம் ஊராட்சி. வீட்டு வரி கம்மி, ஆளு கம்மி, ஆனா குப்பை, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் டவுன் அளவுக்கு. எங்க தெருவுல சாக்கடை போகறதுக்கு வழியே இல்லாம மழை பெஞ்சா காலி மனையிலதான் தேங்குது, காலி மனைக்காரர் எங்க இருக்காருன்னே தெரியாது, எங்க போயி சொன்னாலும் இது எங்க எல்லை இல்லன்னு கைகாட்டி விட்டுடறாங்க. தண்ணி கதையும் இதேதான். ஃபுளோரைடு கலந்த போர் தண்ணி குடிச்சு பல்லும் எலும்பும் போன மாவட்டம் நம்மளது, 2013-ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் வந்த பிறகுதான் நிறைய ஊருக்கு ஒரு நல்ல காலம். ஆனா புது லேஅவுட்டுல பைப்பு வர்றதுக்கு முன்னாடி வீடு வந்துடுது, பைப்பு வர்ற வரைக்கும் கேன் தண்ணிதான்.

அடுத்த சென்சஸ் 2027 மார்ச் 1-ஐ வச்சு எடுக்கப் போறாங்க. அதுல நகராட்சி நம்பரை மட்டும் பாக்காம சுத்தியிருக்கற ஊராட்சிகளையும் சேத்துப் பாத்தாதான் தர்மபுரி உண்மையில எவ்ளோ பெருசாயிருக்குன்னு புரியும்.

ஓசூர் எப்படி ஓசூர் ஆச்சு

"அடுத்த ஓசூர்"னு சொல்றவங்களுக்காக இது. 2004 பிப்ரவரியில கிருஷ்ணகிரி தனி மாவட்டமாப் பிரியற வரைக்கும் ஓசூரும் நம்ம தர்மபுரி மாவட்டம்தான், ஒரு கையெழுத்துல மாவட்டத்தோட ஃபேக்டரி பக்கம் பூரா அந்தப் பக்கம் போயிடுச்சு.

ஓசூர் ஒரு நாள்ல வந்துடல. 1970-கள்ல அங்க சிப்காட் போட்டாங்க. சிப்காட்டுன்னா அரசாங்கமே நிலத்தை எடுத்து ரோடு, தண்ணி, கரண்ட் எல்லாம் குடுத்து ஃபேக்டரிக்காரங்களுக்கு பிரிச்சுக் குடுக்கற தொழிற்பேட்டை. பெங்களூர் நாப்பது கிலோமீட்டர், நிலம் மலிவு, பின்தங்கின பகுதிங்கறதால சலுகை. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் 1980-கள்ல கால் ஊனுச்சு. இங்கதான் முக்கியமான இடம்: பெரிய கம்பெனி வந்ததும் அதுக்கு போல்ட்டு, ரப்பர், பெயிண்ட், அச்சு செஞ்சு குடுக்க நூத்துக்கணக்குல சின்னக் கம்பெனிங்க சுத்தி முளைச்சுது. அதனால ஒரு ரூபா சம்பளமும் ஒரு ரூபா கொள்முதலும் ரெண்டும் அங்கேயே தங்குச்சு. கசிவு அடைபட்டுச்சு. அப்புறம் வேலைக்கு வந்தவன் ரூம் எடுத்தான், கல்யாணம் ஆனதும் வீடு எடுத்தான், பிள்ளைக்கு ஸ்கூல் தேடினான், ஸ்கூல் வந்ததும் ஸ்கூல் பக்கத்துல சைட் வாங்கினான். 2019-ல தான் ஓசூர் மாநகராட்சி ஆச்சு. சிப்காட் போட்டதுல இருந்து எண்ணுங்க, நாப்பது வருஷத்துக்கு மேல.

வரிசையை கவனிச்சீங்களா? வேலை, வாடகை வீடு, ஸ்கூல், சொந்த வீடு. மனை விலை அந்த வரிசையில கடைசிப் பக்கம் வரணும். நம்ம ஊர்ல அது முதல் ஆளா வந்து நிக்குது.

ரேட்டு ஏன் முன்னாடியே ஓடுது

காரணம் ரொம்ப எளிசு. மாம்பூ பூத்திருக்கும்போதே தோப்பை குத்தகைக்கு எடுக்கற வியாபாரியைப் பாத்திருப்பீங்க. அவரு குடுக்கற விலை இன்னைக்கு மரத்துல இருக்கற காய்க்கு இல்ல, சித்திரையில காய்க்கும்னு அவரு நம்புற காய்க்கு. காத்தடிச்சு பூ கொட்டிட்டா நட்டம் அவருக்கு. மனை விலையும் அதே மாதிரி வருங்காலத்தை நம்பிக் குடுக்கற விலை. நல்லம்பள்ளி தாலுகாவுல தடங்கம், அதகபாடி பக்கம் சிப்காட்டுன்னு பேச்சு வந்த அன்னைக்கே ரேட்டு கிளம்பிடுச்சு. 2024-ல ஓசூர்ல ஏர்போர்ட் வரும்னு சட்டசபையில அறிவிச்சாங்க, உடனே எங்க பக்கம் ஒட்டுன லேஅவுட் நோட்டீஸ்ல கூட விமானப் படம். அறிவிப்பு வர்றதும் நிலம் எடுக்கறதும் கட்டி முடிக்கறதும் முதல் சம்பளம் போடறதும் தனித்தனி நாள், நடுவுல பல வருஷம் இருக்கு. விலை முதல் நாளே ஏறிடும், சம்பளம் கடைசி நாள்தான் வரும்.

அப்ப இன்னைக்கு ஊர் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க எதைப் பாக்கணும்? வாடகையை. வாடகைக்கு இருக்கறவர் வருங்காலத்துக்கு காசு குடுக்க மாட்டாரு, இந்த மாசம் இங்க தங்க வேண்டிய தேவை இருந்தாதான் குடுப்பாரு. வருஷ வாடகையை வீட்டோட விலையால வகுத்து நூத்துக்கு எவ்ளோன்னு பாத்தா அதுதான் வாடகை ஈவு. உதாரணத்துக்கு 40 லட்சம் போட்டு கட்டுன வீட்டுக்கு மாசம் 8,000 ரூபா வாடகைன்னா வருஷத்துக்கு 96,000, அதாவது 2.4 சதவீதம். பேங்க் வீட்டுக் கடன் வட்டி இதை விட பல மடங்கு. இந்த இடைவெளி ரொம்பப் பெருசா இருந்தா விலைக்குள்ள முக்கால்வாசி நம்பிக்கைதான் இருக்குன்னு அர்த்தம். நம்பிக்கை பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம், ஆனா அதுக்கு வட்டி மாசா மாசம் கட்டணும்.

இன்னொரு குழப்பம், "கைடுலைன் வேல்யூவே ஏறிடுச்சு, அரசாங்கமே சொல்லுது"ன்னு. கைடுலைன் வேல்யூங்கறது பத்திரம் பதியறப்ப முத்திரைத்தாள் கட்டணம் கணக்கு போட அரசாங்கம் வச்சிருக்கற குறைந்தபட்ச மதிப்பு. அது வரி வசூலுக்கான நம்பர், உங்க சைட்டை அந்த விலைக்கு ஒருத்தர் வாங்கிக்குவாருங்கற உத்தரவாதம் இல்ல. 2023 ஏப்ரல்ல அதை ஏத்திட்டு பதிவுக் கட்டணத்தை 4-ல இருந்து 2 சதவீதமா குறைச்சாங்க, முத்திரைத்தாள் 7, ஆக மொத்தம் 9 சதவீதம். ஒரு மனை மூணு கை மாறினா மூணு தடவையும் இந்தச் செலவு யாரோ ஒருத்தர் தலையில. மண்ணு அதே மண்ணு, அதுல ஒரு செங்கல் கூட வைக்கல.

சுருக்கமா: மனை விலை நாளைக்கு என்ன நடக்கும்ங்கற நம்பிக்கை, வாடகை இன்னைக்கு இருக்கற தேவை. ஊர் வளருதான்னு கேட்டா ரெண்டாவதைப் பாருங்க.

வீடு இருக்கு, ஆள் இல்ல

வெளியூர்ல இருந்து வர்ற பணம் பெரிய கால்வாய்னு மேல சொன்னேன் இல்ல, அதுல ஒரு சங்கடம் இருக்கு. பணம் வருது, ஆள் வர்றதில்ல. பெங்களூர்ல பதினைஞ்சு வருஷமா சென்ட்ரிங் வேலை பாக்கற என் சித்தப்பா பையன் சொந்த ஊர்ல ஒரு மாடி வீடு கட்டியிருக்கான், டைல்ஸ் என்ன, கேட் என்ன, அவ்ளோ ஆசையா கட்டினான். வருஷத்துல பொங்கலுக்கு மூணு நாள், மாரியம்மன் பண்டிகைக்கு ரெண்டு நாள் அந்த வீட்டுல விளக்கு எரியும். மிச்ச நாள் பூட்டுதான்.

கட்டுறப்ப கொத்தனாருக்கு வேலை, சிமென்ட் கடைக்கு வியாபாரம், அதெல்லாம் நிஜம். ஆனா கட்டுமான வேலை ஒரு தடவை வர்ற மழை மாதிரி. வீட்டுல ஆள் குடியிருந்தாதான் தினமும் பால், காய், ஆட்டோ, டியூஷன், கேபிள்னு சின்னச் சின்ன ஊத்து அடிச்சுக்கிட்டே இருக்கும். பூட்டுன வீடு கணக்குல வீடு, கடைத்தெருவுக்கு வெறும் சுவரு. அவனைக் குத்தம் சொல்ல வரல, இங்கயே அவனுக்கு அந்தச் சம்பளம் கிடைச்சா அவன் இன்னைக்கே வந்துடுவான், என்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கான்.

"அப்ரூவ்டு"ன்னா என்ன அர்த்தம்

இதை வேகமா சொல்லிட்டுப் போயிடறேன், ஆனா தெரிஞ்சுக்க வேண்டியது. புன்செய் நிலத்தை துண்டு போட்டு கல்லு நட்டுட்டா அது மனை ஆயிடாது. ரோடு எவ்ளோ அகலம், தண்ணி எந்தப் பக்கம் வடியும், பூங்காவுக்கு எவ்ளோ இடம்னு பாத்து நகர் ஊரமைப்பு இயக்ககம், நாம டிடிசிபின்னு சொல்றோமே அவங்க குடுக்கற அனுமதிதான் லேஅவுட் அப்ரூவல். பெரிய லேஅவுட்டுன்னா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் பொது இடமா விட்டு, ரோட்டையும் அதையும் உள்ளாட்சி பேருக்கு தானப் பத்திரம் எழுதிக் குடுக்கணும். "பஞ்சாயத்து அப்ரூவ்டு"ன்னு ஒரு காலத்துல ஊரெல்லாம் வித்தாங்க, 2016 செப்டம்பர்ல சென்னை ஐகோர்ட்டு அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாதுன்னு தடை போட்டதும் எத்தனையோ குடும்பம் பத்திரத்தைக் கையில வச்சுக்கிட்டு முழிச்சுது, அப்புறம் 2017-ல அந்த மனைகளை சட்டப்படி சரி பண்ணிக்கற வரன்முறைத் திட்டம் வந்து கொஞ்சம் மூச்சு விட்டாங்க. இப்ப 500 சதுர மீட்டருக்கு மேல இருக்கற லேஅவுட்டுக்கு ரெரா, அதாவது வீடு மனை விக்கறதைக் கண்காணிக்கற ஆணையத்துல பதிவும் வேணும்.

இதுல தப்பா புரிஞ்சுக்கற இடம்: அப்ரூவல் இருந்தா மனைக்கு சட்டப்படி குறை இல்லன்னுதான் அர்த்தம். அந்த இடத்துல ஊர் வந்துடும்னு டிடிசிபி எங்கயும் சொல்லல. வரன்முறை சரியா இருந்தும் இருபது வருஷமா வேலிமுள்ளு மட்டும் வளர்ற லேஅவுட் நம்ம மாவட்டத்துல எத்தனையோ இருக்கு.

நாமளே எப்படி பாத்துக்கறது

பெரிய ஆராய்ச்சி எதுவும் வேணாம். ஒரு இடம் வளருதான்னு தெரியணும்னா அங்க இருக்கற பால் கடையில போயி, போன வருஷம் இதே மாசம் எத்தனை லிட்டர் போச்சு, இப்ப எத்தனை போகுதுன்னு கேளுங்க, குடியிருக்கற குடும்பம் கூடினா பால் கூடும், அதுல ஏமாத்து வேலை கிடையாது. பக்கத்து ஸ்கூல்ல ஒண்ணாம் வகுப்புல எத்தனை செக்‌ஷன்னு கேளுங்க. காலையில ஏழு மணிக்கு கம்பெனி பஸ் அங்க நிக்குதா, எத்தனை பேர் ஏறுறாங்கன்னு பாருங்க. வாடகை வீடு காலியானா எத்தனை நாள்ல ஆள் வருதுன்னு கேளுங்க. புரோக்கர்கிட்ட ரேட்டு கேக்கறதுக்கு முன்னாடி இந்த நாலு பேரை கேட்டுட்டா பாதித் தெளிவு வந்துடும்.

எங்க லேஅவுட்டுல மொத்தம் 64 மனை. கல்யாண வீட்டுல அந்த அண்ணன் பேசின மறுநாள் சாயந்திரம் ஏழரை மணிக்கு நானும் என் பொண்ணும் நடந்து போயி எண்ணினோம், அவ விரல் விட்டு எண்ணினா. வீடு பதினொண்ணு, விளக்கு எரிஞ்சது ஏழு. போன வாரம் மறுபடியும் போனோம். விளக்கு ஒம்போது. புதுசா வந்த ரெண்டுல ஒண்ணு மருத்துவக் கல்லூரி நர்ஸம்மா வீடு, இன்னொண்ணுல வாடகைக்கு ஒரு குடும்பம், அவரு ஓசூர் பக்கம் கம்பெனி வேலை, தினமும் பஸ்ல போயிட்டு வர்றாரு. சென்ட் ரேட்டு இதுக்கு நடுவுல எவ்ளோ ஏறுச்சுன்னு நான் கேட்டுக்கல. பால்காரர் மட்டும் இப்ப மெயின் ரோட்டுலயே நிக்காம உள்ள வரைக்கும் வண்டியை ஓட்டிட்டு வர்றாரு.